தனித்திருப்பவர்க்குத் துணை



ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஆலய வாயிலில் மக்கள் கலைந்து செல்லும் காட்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தந்தையார் முன்னே நடக்க, தாயார் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பின்தொடர, பாட்டியின் கையிலிருந்த வேதாகமத்தைப் பேரன் வாங்கிக்கொள்ள, குடும்பம் குடும்பமாகப் பிரிந்து போவார்கள். கடைசியில் ஒருவர் எஞ்சுவார். போதகருக்குத் தோத்திரம் சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு, அவசரமில்லாத நடையில் அவர் வீடு சேர்வார். தாம் பூட்டிய பூட்டைத் தாமே திறப்பார். காலையில் வைத்த காப்பிக் கிண்ணம் வைத்த இடத்திலேயே இருக்கும். அதை நகர்த்தி வைக்க அந்த வீட்டில் வேறு ஒரு கை இல்லை. ஞாயிற்றுக்கிழமையின் பிற்பகலைப்போல நீண்ட பொழுது வாரத்தில் வேறொன்று இல்லை என்பதை அவரைக் கேட்டால் சொல்லுவார்.

அவர் யார்? தம்பி தங்கையரைப் படிக்கவைத்துக் கரையேற்றிவிட்டு, தம் காலம் கடந்துபோனதைப் பிறகு உணர்ந்த ஆசிரியையாக இருக்கலாம். சீதனத்துக்கு வழியில்லாமல் வரன் திரும்பிப்போன வீட்டுப் பெண்ணாக இருக்கலாம். மனைவியை அடக்கம் செய்துவிட்டு வந்த முதியவராகவும் இருக்கலாம். மணவாழ்வை வேண்டாமென்று தாமே தீர்மானித்தவராகவும் இருக்கலாம். இவர்களை அழைப்பதற்கு நம் மொழியில் உள்ள சொற்கள் இரக்கமுடையவை அல்ல. 'ஒண்டிக்கட்டை' என்கிறோம். கட்டை என்பது துளிர்க்காத மரம். பெண்ணாயின் 'முதிர்கன்னி' என்று வயதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். ஆலயத்திலும் நிலைமை பெரிதும் வேறல்ல. குடும்பங்களுக்காக வாரந்தோறும் ஜெபிக்கிறோம். திருமண நாள் காண்போரை முன்னே அழைத்து ஆசி கூறுகிறோம். அப்போது பெஞ்சில் அமர்ந்திருக்கும் தனியர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார். நானும் அந்த வகையினருள் ஒருவன். ஆகவே அயலார் கதையைப் பேசுகிறேன் என்று நீங்கள் எண்ண வேண்டியதில்லை.

தனிமையைப்பற்றி ஒருவர் வாய்திறந்தால் நம்மவர் உடனே சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு. இயேசு சுவாமி துணையிருக்கும்போது உமக்கு என்ன தனிமை என்பார்கள். பக்தியோடு சொல்லப்படும் சொல்தான். ஆயினும் கேட்பவருடைய நெஞ்சில் அது ஒரு குற்றச்சாட்டாகப் போய் விழுகிறது. தனிமை உறுத்துகிறதென்றால் விசுவாசம் குறைந்துவிட்டது என்றல்லவா பொருளாகிறது? இந்த எண்ணத்தால் வாடியவர் பலரை நான் அறிவேன்.

வேதாகமம் இவ்வாறு பேசுவதில்லை. ஆதியாகமத்தின் 2ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். தோட்டம் இருக்கிறது, ஆறு ஓடுகிறது, மனிதன் இருக்கிறான், கடவுளும் அவனோடு பேசிக்கொண்டிருக்கிறார். பாவம் இன்னும் உலகில் நுழையவில்லை. அந்தக் கதை அடுத்த அதிகாரத்தில்தான் வருகிறது. தம் படைப்பை நல்லது, நல்லது என்று கண்ட கடவுள், முதன்முதலாக ஒன்றைக் குறித்து நல்லதன்று என்று சொல்லுகிறார். அது மனிதன் தனித்திருப்பது. தம்முடைய பிரசன்னம் ஒன்றே அவனுக்குப் போதாதா என்று அவர் கடிந்துகொள்ளவில்லை. துணைக்கு ஏங்கும் நெஞ்சைப் படைத்தவர் அவரே. எனவே அந்த ஏக்கம் பாவமும் அன்று, விசுவாசக் குறைவும் அன்று. இதை முதலில் நிலைநாட்டிக்கொள்ளாமல் மேற்கொண்டு எந்த ஆறுதலும் சொல்ல இயலாது.

மணமின்றி வாழ்வதைப் புகழ்ந்து எழுதியவர் என்று அப்போஸ்தலன் பவுலை நாம் அறிவோம். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 7ஆம் அதிகாரத்தில், மணவாழ்வைப்போலவே தனிவாழ்வையும் இறைவன் தரும் ஒரு வரம் என்று அவர் கூறுகிறார். மக்கட்பேறு இல்லாதவனை இழிவாகக் கருதிய பழங்கால உலகில் இது மிகத் துணிவான சொல். ஆனால் அந்த ஓர் அதிகாரத்தோடு பவுலை மூடிவைத்துவிடுகிறோம். தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தையும் அதனோடு சேர்த்துப் படிக்கவேண்டும். அங்கே கிழவர் ஒருவர் சிறையிலிருந்து பேசுகிறார். உடனிருந்தவர்களுள் ஒருவன் உலகத்தின்மேல் ஆசைவைத்துப் பிரிந்துபோனான். மற்றவர் ஆளுக்கொரு திசையாகச் சென்றுவிட்டனர். லூக்கா மாத்திரம் இருக்கிறார். சீக்கிரம் வந்துவிடு, குளிர்காலத்துக்கு முன்னே வந்துவிடு என்று இளைஞனாகிய தீமோத்தேயுவை அவர் கெஞ்சுகிறார். துரோவா ஊரில் கார்ப்பு என்பவனிடம் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவரச் சொல்லுகிறார். புத்தகங்களையும், சிறப்பாகத் தோற்சுருள்களையும் கொண்டுவரச் சொல்லுகிறார்.

மூன்றாம் வானம் வரை எடுக்கப்பட்ட அனுபவத்தைச் சொன்னவர் இவர். இவருக்கு வேண்டியவை ஒரு போர்வை, சில நூல்கள், ஒரு நண்பன். தம்முடைய முதல் விசாரணையின்போது ஒருவரும் பக்கத்தில் நிற்கவில்லை என்றும், ஆண்டவர் நின்றார் என்றும் அதே அதிகாரத்தில் எழுதுகிறார். ஆண்டவர் நின்றார், ஆகவே நீ வரவேண்டாம் என்று அவர் தீமோத்தேயுவுக்கு எழுதவில்லை. ஆண்டவர் துணைநின்றதும் உண்மை, தீமோத்தேயு வரவேண்டியிருந்ததும் உண்மை. இவ்விரண்டையும் ஒரே கடிதத்தில் எழுத அவர் வெட்கப்படவில்லை.

நம்முடைய ஆண்டவரும் மணஞ்செய்யாதவரே. கெத்செமனே தோட்டத்தில் மூன்று சீடரைத் தனியே அழைத்துச்சென்று, தம்மோடு விழித்திருக்குமாறு அவர் வேண்டிக்கொண்டார். அவர்கள் உறங்கிவிட்டார்கள். கேட்டும் கிடைக்காத துணையின் கசப்பை அவர் அறிந்தவர். ஆதலால் இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடப்பவர், அனுபவமில்லாத ஒருவரிடம் போய்த் தம் குறையைச் சொல்லவில்லை.

இனி நம் நாட்டுக் கதை ஒன்றுக்கு வருகிறேன். திருநெல்வேலிச் சீமையில் களக்காட்டுக்குத் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் டோனாவூர் என்னும் சிற்றூர் இருக்கிறது. ரேனியஸ் ஐயர் காலத்தில் ஆலயம் கட்டப் பொருளுதவிய டோனா பிரபுவின் பெயரைத் தாங்கிய ஊர் அது. அவ்வூரை உலகறியச் செய்தவர் ஏமி கார்மைக்கேல் அம்மையார். 1867ஆம் ஆண்டு டிசம்பரில் அயர்லாந்தின் வடபகுதியில் உள்ள மில்லைல் என்னும் கடற்கரை ஊரில் பிறந்தவர். அவர் இந்தியாவுக்கு வருமுன்னரே, 1893ஆம் ஆண்டில், ஜப்பான் தேசத்துக்கு ஊழியத்துக்காகச் சென்றார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது.

அந்நாட்டில் அரிமா என்னும் ஊரில் ஒரு குகைக்கு அவர் தனியே சென்று அமர்ந்தார். எதிர்காலத்தைக் குறித்த அச்சம் அவரை உலுக்கிற்று. மணவாழ்வைத் துறந்து இந்த வழியிலே நடந்தால் இன்று உற்சாகமாகத்தான் இருக்கும். பிறகு, வயதான காலத்தில், எத்துணைக் கொடிய தனிமை காத்திருக்கிறது என்ற எண்ணம் படமாக விரிந்து வந்ததாம். ஆண்டவரே, நான் எப்படிக் கடைசிவரை தாங்குவேன் என்று முறையிட்டார். 34ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம் அவருக்கு விடையாகக் கிடைத்தது. பிற்காலத்தில், இதே கேள்வியால் கலங்கிய தம் பிள்ளைகளுள் ஒருவருக்கு அவர் இதை எழுதிவைத்தார். அதுவரை மனத்திலேயே வைத்திருந்தார் போலும்.

இங்கே ஒன்றைக் குறிப்பிட ஆசை. நம் தமிழ் வேதாகமத்தில் அந்த வசனத்தை எடுத்துப் பார்த்தால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். தேவனை நம்புகிறவர்மேல் குற்றம் சுமராது என்னும் பொருளே அங்கு இருக்கிறது. தனிமையைப்பற்றிய பேச்சே இல்லை. அவர் படித்த பழைய ஆங்கில மொழிபெயர்ப்பிலோ, நம்புகிறவர் எவரும் பாழாய் விடப்படமாட்டார் என்னும் பொருள்பட வருகிறது. மூலமொழியாகிய எபிரெயச் சொல்லுக்குக் குற்றவாளியாதல் என்பதே வழக்கமான பொருள். மொழிநூலார் இதைக்கொண்டு வழக்காடட்டும். தனித்துவிடப்பட்டவருடைய நெஞ்சில் இந்த இரண்டு பொருளும் அவ்வளவு தொலைவில் இல்லை என்றே எனக்குப் படுகிறது. நான் ஏன் இப்படி விடப்பட்டேன், என்னிடம் என்ன குற்றம் என்பதுதானே அவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வது?

உடல்நலக் குறைவால் ஜப்பானை விட்ட அம்மையார், 1895ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கப்பலேறினார். மறுபடி தாய்நாட்டைப் பார்க்கவே இல்லை. ஐம்பத்தைந்து ஆண்டுகள் இங்கேயே இருந்தார். 1901ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பண்ணைவிளையில் அவர் தங்கியிருந்தபோது, கோயில் பணிக்கென்று கொடுக்கப்பட இருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி ஓடிவந்து அவரிடம் சேர்ந்தாள். அதுவரை ஊர் ஊராகச் சென்று சுவிசேஷம் சொல்லிவந்த அவருடைய வாழ்வு அன்று திசை திரும்பிற்று. ஒன்றன்பின் ஒன்றாகக் குழந்தைகள் வந்தனர். 1913ஆம் ஆண்டில் நூற்றுக்கு மேற்பட்டோர் ஆகிவிட்டனர். பிறந்த நாள் தெரியாத குழந்தைகளுக்கு அவர்கள் வந்துசேர்ந்த நாளையே விழாவாகக் கொண்டாடினார். பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணச் சட்டம் 1947ஆம் ஆண்டில் தடைசெய்தது. அதற்கு நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்னே தொடங்கிய வேலை இது.

தொண்டு செய்தால் தனிமை போய்விடும் என்று இந்த வரலாற்றைக்கொண்டு முடிவுகட்டுவோர் உண்டு. நான் அவ்வாறு சொல்லத் துணியேன். பிள்ளைகள் நிறைந்த வீட்டிலும் தனிமை இருந்தது. அந்தரங்கத் துணையாக இருந்த வாக்கர் ஐயர் 1912இல் மறைந்தார். வலது கைபோல் உழைத்த கைம்பெண் பொன்னம்மாள் 1915இல் புற்றுநோயால் மறைந்தார். அடுத்த ஆண்டு அம்மையார் செய்ததை நான் முக்கியமாகக் கருதுகிறேன். மணமாகாத தமிழ்ப் பெண்கள் எழுவரைக்கொண்டு பொதுவாழ்வுச் சகோதரிகள் என்ற ஒரு சிறு குழுவை அமைத்தார். பதினான்காம் நூற்றாண்டில் நெதர்லாந்தில் கெரார்டு குரோட்டு தொடங்கிய சகோதரர் குழுவின் பெயரைத் தழுவியது அது. இழப்பு வந்த காலத்தில் தம் அறைக்கதவை அடைத்துக்கொள்ளாமல், தம்மைப்போல் தனித்தவர்களை ஒன்றுசேர்த்தார்.

1931ஆம் ஆண்டு செப்டம்பரில் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கச் சென்றவர், இருட்டில் பள்ளத்தில் விழுந்து காலொடிந்தார். அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பெரும்பாலும் அறைக்குள்ளேயே கழிந்தன. நோயாளிகளுக்கு ஆறுதலாக நலமுள்ளவர்கள் எழுதி அனுப்பும் துண்டுப் பிரசுரங்கள் தமக்கு உதவவில்லை என்பதைப் படுக்கையில் கிடந்துதான் அவர் கண்டுகொண்டார். ஆகவே நோயாளிகளுக்கு நோயாளியாகவே ஒரு நூல் எழுதினார். மணவாழ்வில் நிறைந்திருப்போர் தனியருக்கு அறிவுரை சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவு வரும். 1951ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள் அவர் உயிர்நீத்தார். கல்லறையின்மேல் கல் வைக்கலாகாது என்று முன்னமே சொல்லியிருந்தார். பிள்ளைகள் பறவைகள் நீரருந்தும் தொட்டி ஒன்றை அங்கே அமைத்து, அதில் 'அம்மை' என்னும் சொல்லைப் பொறித்தார்கள். அரிமாக் குகையில் அமர்ந்திருந்த பெண்ணுக்கு அந்தச் சொல் தெரியாது.

ஆடவர் கதையும் உண்டு. 1921ஆம் ஆண்டில் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்துத் திருப்பத்தூரில், மருத்துவர்களாகிய ஏசுதாசன் என்னும் தமிழரும் பாரஸ்டர் பேட்டன் என்னும் ஸ்காத்துலாந்தினரும் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினார்கள். இருவரும் மணம் செய்துகொள்ளவில்லை. மக்கள் அவர்களைப் பெரியண்ணன் என்றும் சின்னண்ணன் என்றும் அழைத்தார்கள். ஒண்டிக்கட்டை என்று சொல்லும் அதே மொழிதான் இந்தப் பெயர்களையும் தருகிறது. வீட்டையும் உடன்பிறந்தாரையும் தமக்காக விட்டுவந்தவர்களுக்கு, இந்த உலகத்திலேயே நூறத்தனையாக வீடுகளும் தாய்மாரும் சகோதரரும் கிடைப்பார்கள் என்று ஆண்டவர் வாக்களித்ததை மாற்கு சுவிசேஷத்தின் 10ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். அந்த வீடுகள் வானத்திலிருந்து இறங்கிவருவதில்லை. அவை உங்கள் வீடுகள். உங்கள் கதவு திறக்காவிட்டால், அவருடைய வாக்கு ஒரு தனியரைப் பொறுத்தமட்டில் கைக்கு வந்துசேராத கடிதமாகிவிடுகிறது. பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசியில் ரூபு என்பவனுடைய தாயைத் தமக்கும் தாய் என்கிறார். எந்நாளோ ஒருநாள் அந்த அம்மையார் ஓர் இலையைக் கூடுதலாகப் போட்டிருக்கவேண்டும்.

தனித்திருப்போருக்கும் ஒரு சொல். நம்மிடத்தில் ஒரு நோய் மெல்ல வளர்கிறது. நம் நாற்காலி, நம் உணவு நேரம், நம் வழக்கம் என்று ஒவ்வொன்றும் இறுகிப்போகின்றன. யாராவது வந்தால், எப்போது போவார் என்று கடிகாரத்தைப் பார்க்கிறோம். வராவிட்டால், வரவில்லையே என்று குறைப்படுகிறோம். ஜெபமும் இவ்வாறே சுருங்கிவிடக்கூடும். என் அனுபவத்தில் இரண்டு பழக்கங்கள் கைகொடுத்தன. ஒன்று, சங்கீதங்களை வாய்விட்டுப் படிப்பது. அவற்றுள் பல ஒரு தனி மனிதனின் முறையீடுகள். வீட்டில் ஒரு குரல் எழுவதே இருட்டை விலக்குகிறது. இந்தப் பேச்சைக் கேட்போருள்ளும், அறையில் மனிதக் குரல் ஒலிக்கட்டும் என்பதற்காகவே வானொலியைத் திருகிவைத்திருப்பவர் இருப்பீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மற்றொன்று, இரவில் ஆட்களின் பெயரைச் சொல்லி ஜெபிப்பது. இரவில் பெயர் சொன்ன ஒருவரைக் காலையில் தெருவில் கண்டால் பேசாமல் போக முடிவதில்லை.

இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் தடுக்கி விழுந்ததுண்டு. சில ஆண்டுகளுக்கு முன், கிறிஸ்துமஸ் நாளுக்கு முந்தின இரவில், வழக்கம்போல் பஜனைக் குழு வீடுவீடாகப் பாடிக்கொண்டு வந்தது. நான் வேட்டி மாற்றி, திண்ணை விளக்கை ஏற்றி, உட்கார்ந்திருந்தேன். பாட்டு தெருமுனை வரை வந்தது. பிறகு அடுத்த தெருவுக்குத் திரும்பிவிட்டது. அன்றிரவு நான் உறங்கவில்லை. அதிகாலை ஆராதனையில் பாட்டுப் பாடவும் வாய் வரவில்லை. வெளியே வந்ததும் குழுவின் தலைவனாகிய இளைஞனைப் பிடித்துக் கேட்டேன். அவன் என்னிடம் படித்தவன்; முகம் வாடிப்போயிற்று. "சார், நீங்கள் ஒருவர்தானே, உறங்கியிருப்பீர்கள், தொந்தரவு செய்யவேண்டாம் என்று நினைத்துவிட்டோம். ஐந்தாறு வருஷமாய் உங்கள் வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது சார்" என்றான். அவன் சொன்னது உண்மை. அந்த ஐந்தாறு ஆண்டுகளில் பாட்டுச் சத்தம் கேட்டதும் விளக்கை அணைத்துப் படுத்தவன் நான்தான்.

அடுத்த ஆண்டு வரவேண்டும் என்று அவனிடம் சொல்லிவைத்தேன். வந்தார்கள், இருபத்தேழு பேர். கருப்பட்டிக் காப்பி போட்டுவைத்திருந்தேன். என் வீட்டில் இருந்தவை மூன்றே டம்ளர்கள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே அக்கம்பக்கத்து வீடுகளுக்கு ஓடி, ஆளுக்கு இரண்டு மூன்றாக டம்ளர்களைக் கொண்டுவந்துவிட்டார்கள். மறுநாள் பிற்பகல் அவற்றைக் கழுவித் துடைத்து, ஒவ்வொன்றின் அடியிலும் வெட்டியிருந்த பெயரைப் பார்த்துப் பார்த்து, உரிய வீடுகளில் கொடுத்துவரப் புறப்பட்டேன். அரைமணியில் திரும்பிவிடலாம் என்று எண்ணியிருந்தேன். ஒவ்வொரு வீட்டிலும் உட்காரச் சொன்னார்கள். கடைசி டம்ளரைக் கொடுத்தபோது ஆலயத்தில் மாலை மணி அடித்துவிட்டது.